சோலைராஜ் சொல்ல வந்தது

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த சோலைராஜின் பட்டறைக்கு வழி கேட்கத் தேவையில்லை. தெருமுனை திரும்பும்போதே அவர் பேச்சுச் சத்தம் கேட்கும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி பேசுவார். உதட்டில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு பேசுவார். கேட்க ஆள் இல்லாவிட்டால் துருப்பிடித்த நட்டோடு பேசுவார். "ஏலே, மரியாதையா வாரியா, இல்ல சம்மட்டிய எடுக்கவா?" என்று அவர் அதட்டுவதைக் கேட்டு, உள்ளே யாருக்கோ அடி விழப்போகிறது என்று பயந்து எட்டிப் பார்த்தவர்கள் உண்டு.

இளவயதில் பட்டாளத்தில் சேர்ந்து, லாரியும் ஜீப்பும் பழுதுபார்க்கும் பிரிவில் பத்துப் பதினைந்து வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே ஒரு முறை, தொங்கிக்கொண்டிருந்த எஞ்சினை இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு விதமாக ஏவ, சங்கிலி பிடித்தவன் குழம்பிப்போய் இறக்கிவிட்டான். கீழே நின்றவன் கால் போயிற்று. சோலைராஜ் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அன்றிலிருந்து அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: எஞ்சின் அந்தரத்தில் இருக்கும்போது ஒரே வாய்தான் பேச வேண்டும். மற்ற எல்லாரும் சுவரோரம் தள்ளி நிற்க வேண்டும். பேசுகிற வாய் அவருடையதாகத்தான் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊரில் பல பட்டறைகளில் வேப்பங்கிளையில் கயிறு போட்டு எஞ்சின் தூக்கிய காலம் அது. சோலைராஜ் பழைய ஜின்னிங் மில்லில் கழித்த இரும்புத் தூலத்தை வாங்கி, இரண்டு பக்கமும் கால் கொடுத்து, சிமெண்டில் ஊன்றி நிறுத்தியிருந்தார். அதில் செயின் பிளாக்கை மாட்டி வைத்திருந்தார். கைச்சங்கிலியை இழுத்தால் கொக்கி மேலே ஏறும். விட்டுவிட்டால் நின்ற இடத்தில் நிற்கும். எஞ்சினைத் தரையிலிருந்து நாலு விரல் உயரம் தூக்கி நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பார். அதற்குள் எதுவும் நழுவவில்லை என்றால்தான் மேலே ஏற்றச் சொல்வார். அந்தப் பட்டறையில் யாருக்கும் ஒரு நகம்கூட நசுங்கியதில்லை.

அவருக்கு உதவிக்கு இருந்தவன் இருளப்பசாமி. மனைவி பரிபூரணத்தின் தம்பி. செட்டியார்பட்டியிலிருந்து தினமும் சைக்கிளில் வருவான். முப்பது தாண்டியவன், சாமானியத்தில் வாய் திறக்கமாட்டான். "எங்க அத்தான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிருதாரு. நான் எதுக்குப் பேச?" என்பான்.

தங்கபாயின் கல்யாணக் கார் அந்தப் பட்டறைக்கு வந்தது 1987 ஐப்பசியில். தங்கபாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரேடியோ செட்டும் சீரியல் விளக்கும் வாடகைக்கு விடுகிற அம்மாள். கணவர் போன பிறகு தொழிலை விடாமல் நடத்தியவர். அவரிடம் மேல்கூரை மடங்குகிற பழைய செவர்லே ஒன்று இருந்தது. யாரோ ஒரு ஜமீன் வீட்டில் இருந்து கைமாறிக் கைமாறி வந்த வண்டி. மாப்பிள்ளை அழைப்பு என்றால் வத்திராயிருப்பு முதல் தளவாய்புரம் வரை அந்த வண்டிதான் வேண்டும் என்பார்கள். பூ அலங்காரத்தோடு, முன்னால் பேண்டு வாத்தியம் முழங்க, ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகும். அப்படி ஊர்ந்து ஊர்ந்தே அதன் எஞ்சின் வெந்துபோயிருந்தது. ஒரு மாப்பிள்ளையை நடுத்தெருவில் இறக்கி நடக்கவிட்ட பிறகு, டிராக்டரில் கட்டி இழுத்து ராஜபாளையம் கொண்டுவந்தார்கள்.

"எந்திரிக்குமா தம்பி?" என்று தங்கபாய் கேட்டார்.

"அக்கா, தை பொறந்ததும் இதுல நீங்களே ஊர்வலம் போலாம். நான் முன்னால பேண்டு வாசிக்கேன்" என்றார் சோலைராஜ்.

சொன்னபடி எஞ்சினை வெளியே எடுத்து, முழுக்கப் பிரித்து, மதுரையில் சிலிண்டர் கடைந்து வாங்கி வந்து, மார்கழிக்குள் திரும்பக் கோத்துவிட்டார். கடைசி வேலையாக எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டை வைத்து முடுக்கினார். தூக்கும்போது சங்கிலி மாட்டுவதற்கென்று அவரே செய்த இரண்டு இரும்புப் பட்டைகள் உண்டு. ஒன்றை முன்கோடி போல்ட்டிலும் மற்றதைப் பின்கோடி போல்ட்டிலும் சேர்த்து வைத்து முடுக்குவது அவர் வழக்கம்.

அன்று சாயங்காலம் பட்டறையில் அவர் மட்டும்தான் இருந்தார். இருளப்பசாமி தங்கபாயைப் பார்த்து வர ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தான். பின்கோடி போல்ட்டை முடுக்கும்போது, கடைசிச் சுற்றில், ஸ்பேனர் கைக்குள் இளகியது. பாதி வெந்த கிழங்கில் குத்திய குச்சி, வெந்த இடம் வந்ததும் தானே இறங்குமே, அப்படி. சோலைராஜ் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். போல்ட்டும் துளையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதற்காக வெட்டிய சுருள்வரியை மரை என்பார்கள். உள்ளே, பழைய வார்ப்பிரும்பில் அந்த மரை பிய்ந்துவிட்டது. மிச்சம் இரண்டொரு வரிதான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. விரலால் அசைத்துப் பார்த்தாலும் போல்ட் ஆடவில்லை.

கழற்றினால் துளைக்குள் தூசி விழும் என்று அப்படியே விட்டார். காலையில் லேத்துப் பட்டறையில் சொல்லி, துளையைப் பெரிதாக்கி, உள்ளே ஒரு குழல் இறக்கிப் புது மரை வெட்டிவிடலாம். அரைநாள் வேலை. "காலைல வந்து ஒன்ன வச்சுக்கிடுதேன்" என்று அந்த போல்ட்டிடம் மட்டும் சொல்லிவிட்டு, கை கழுவி வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எதையோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து கிளாஸ் நழுவியது. சிரித்தபடியே வலப்பக்கம் சாய்ந்தார். தமாஷ் செய்கிறார் என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலக்கையும் வலக்காலும் வேறு யாருடையவோ போலக் கிடந்தன. பரிபூரணம் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, நான் யாருன்னு தெரியுதா?"

அவருக்குத் தெரிந்தது. பரி என்று கூப்பிட வாயைத் திறந்தார்.

"தண்ணி" என்றார்.

அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் தலையை ஆட்டி மறுக்க நினைத்தார்; தலை ஆமென்று ஆடியது. குடித்தார். மறுபடியும் அவள் பெயரைச் சொல்லப் பார்த்தார். மறுபடியும் தண்ணி என்றே வந்தது.

மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டிருக்கிறது, எழுத்தும் அதோடு போயிருக்கும், புத்தி தெளிவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். கடைசியில் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மனிதனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? பார்க்க வந்தவர்கள் அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசினார்கள். "எம்புட்டுப் பேச்சு பேசின மனுசன்" என்று உச்சுக்கொட்டினார்கள். அவர் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

வீட்டுக்கு வந்ததும், வாசல் பக்கம் ஒரு மரநாற்காலியில் உட்காரவைத்தார்கள். முதல் சில நாள் அவர் உடம்பைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. பிறகு ஒருநாள் இருளப்பசாமி வந்து, அக்காளிடம் மெல்லச் சொன்னான்: "தங்கபாய் அக்கா வந்தாக. தை கடைசில வத்திராயிருப்புக் கல்யாணத்துக்கு வண்டி பேசியிருக்காகளாம். அத்தான் எஞ்சின முழுசா முடிச்சுத்தான் வச்சிருக்காரு. எடுத்து உள்ள வச்சிட்டா ஓடிரும். நானே செஞ்சிருதேன்."

சோலைராஜுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்த போல்ட்டை அதுவரை மறந்தே போயிருந்தார்.

"தண்ணி" என்றார். "தண்ணி, தண்ணி!"

பரிபூரணம் சொம்பை நீட்டினாள். அவர் இடக்கையால் தட்டிவிட்டார். தண்ணீர் இருளப்பசாமியின் வேட்டியில் கொட்டியது. அவன் அத்தானையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "ரேடியேட்டர்ல தண்ணியச் சொல்லுதாரோ?" என்றான். "ரேடியேட்டர் நல்லாருக்கு அத்தான். கழுவி வச்சிட்டேன். நீங்க கவலப்படாதிய."

அதன் பிறகு சோலைராஜ் செய்யாத முயற்சி இல்லை. இடக்கையால் தரையில் கரித்துண்டை வைத்து ஒரு சுருளை வரைந்தார். மரை அப்படித்தானே இருக்கும்? கோடு கோணிக்கொண்டு, வட்டத்துக்குள் வட்டமாகப் போயிற்று. பரிபூரணம் வெகுநேரம் அதைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"முறுக்கா? முறுக்கு கேக்குதியளா?"

அவர் தலை ஆமென்று ஆடியது. அந்தப் பாழாய்ப்போன தலை எதற்கும் அப்படித்தான் ஆடியது. நோய் வந்ததிலிருந்து அவர் ஆசைப்பட்டுக் கேட்டது இதுதான் என்று அவள் அரிசி ஊறப்போட்டு, அரைத்து, சுட்டு, டீயில் நனைத்து ஊட்டினாள். வாய்க்கோணத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டாள். அவர் அழுதுகொண்டே தின்றார். அவளும் அழுதாள்.

அவர் எதையாவது சுட்டிக்காட்டினால், காட்டுகிற இடத்தை யாரும் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

எஞ்சின் வைக்கிற நாளன்று பரிபூரணம்தான் அவரைக் கூட்டிப் போக வேண்டும் என்றாள். "பட்டறையப் பாத்தா அவியளுக்கு மனசு ஆறும்" என்றாள். சோலைராஜும் அதைத்தான் விரும்பினார். அங்கே போய்விட்டால் எப்படியாவது போல்ட்டைத் தொட்டுக் காட்டிவிடலாம். ரிக்‌ஷாவில் தூக்கி வைத்துக் கொண்டுபோய், நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள், சுவரோரமாக. எஞ்சின் தூக்கும்போது வேலை இல்லாதவர்கள் நிற்க வேண்டிய இடம் அதுதான். அதை வகுத்தவரே அவர்தான்.

கூரை மடக்கிய செவர்லே, பானட் இல்லாமல், தூலத்துக்கு நேராக வாயைத் திறந்துகொண்டு நின்றது. தங்கபாய் வந்திருந்தார். சங்கிலி இழுக்க வீரணன் என்ற சுமைதூக்கும் தொழிலாளியை இருளப்பசாமி கூப்பிட்டிருந்தான். கைச்சங்கிலி சரளமாக ஓடுகிறதா என்று அவன் இரண்டு தடவை பார்த்துக்கொண்டான்.

இருளப்பசாமி அத்தானிடம் வந்து குனிந்தான். அன்று அவன் வழக்கத்துக்கு மாறாகப் பேசினான். அவருக்கும் சேர்த்துப் பேச வேண்டியிருந்ததே.

"அத்தான், நீங்க செய்த மாதிரியே செய்யப் போறேன். நாலு விரக்கட தூக்கி, நிப்பாட்டி, பாத்துட்டுத்தான் மேல ஏத்துவேன். கொக்கி மாட்டுத பட்டை ரெண்டும் நீங்க வச்சது வச்சபடிக்கு இருக்கு. நான் அதுல கை வைக்கல. ஒங்க கை முறுக்குனத நான் வேற முறுக்கணுமா?"

சோலைராஜ் இடக்கையால் அவன் சட்டையைப் பிடித்தார். "தண்ணி" என்றார். எஞ்சினைக் காட்டினார். "தண்ணி. தண்ணி."

"எல்லாம் பாத்துட்டேன் அத்தான்." சட்டையிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல எடுத்துவிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. தன் வேலையை இன்னொருத்தன் செய்வதைப் பார்க்க முடியாமல் தவிக்கிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

போய், பின்பட்டை போல்ட்டில் பேருக்கு ஸ்பேனரை வைத்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். இறுக்கமாக இருந்தது. சோலைராஜ் அவன் கையையே பார்த்தார். இன்னும் ஒரு இழு இழுத்தால் போதும், கையில் தெரிந்துவிடும். இருளப்பசாமி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

எஞ்சின் எழுந்தது. நாலு விரல் உயரத்தில் நின்றது. இருளப்பசாமி சொன்னது போலவே காத்திருந்தான். வீரணன் ஒரு பீடி பிடித்து முடித்தான். எதுவும் நழுவவில்லை. நேராகத் தொங்கும்போது அந்த மிச்ச மரை தாங்கிக்கொண்டிருந்தது. சோலைராஜுக்கும் ஒரு நிமிடம், தாங்கிவிடுமோ என்ற ஆசை வந்தது. ஆனால் எஞ்சினை உள்ளே இறக்கியபின் பின்பக்கத்தைச் சாய்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கியர் பாக்ஸ் வண்டியிலேயே இருந்தது. அதிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, எஞ்சினின் பின்பக்கத்துக் கிளட்சின் நடுத்துளையில் போய் உட்கார வேண்டும். லேசில் உட்காராது. எஞ்சினைச் சாய்த்து, உலுக்கி, பக்கத்தில் நின்று கையால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த உலுக்கல் முழுவதும் பின்பட்டையில்தான் விழும்.

"மேல" என்றான் இருளப்பசாமி. எஞ்சின் ஏறியது. "தள்ளு. மெள்ள. இப்ப கீழ."

சோலைராஜ் இடக்காலை ஊன்றி எழுந்தார். எழுந்ததாகத்தான் அவர் நினைத்தார். அடுத்த கணம் தரையில் கிடந்தார். கன்னத்தில் கிரீசும் மண்ணும் அப்பியிருந்தன. "தண்ணி!" என்று அலறினார். இடது முழங்கையை ஊன்றி வண்டியை நோக்கி நகரப் பார்த்தார்.

"நிப்பாட்டு!" என்று கத்திவிட்டு இருளப்பசாமி ஓடிவந்தான். எஞ்சின் பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கியது. மூவருமாகச் சேர்ந்து அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். பரிபூரணம் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"அக்கா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு. அவியளால பாக்க முடியல."

"இந்தக் கோலத்துல எப்படிடா கூட்டிட்டுப் போக? ரிக்‌ஷாலயிருந்து குதிச்சிருவாக போலிருக்கு."

"தம்பி, எஞ்சின் தொங்கிக்கிட்டு நிக்கி" என்றார் தங்கபாய், பயந்த குரலில். "அத முதல்ல இறக்கி வச்சிரு. பொறவு எல்லாருமாச் சேந்து கொண்டுபோயி விடுவோம்."

அது நியாயமான பேச்சு. சோலைராஜாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். பரிபூரணம் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவரை நாற்காலியின் முதுகோடு சேர்த்துக் கட்டினாள். மறுபடி விழுந்துவிடக் கூடாதே என்றுதான். "செத்த நேரம் பொறுங்க, செத்த நேரம்" என்று அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவர் கத்தினார். குரல் கம்மும்வரை அந்த ஒரே வார்த்தையைக் கத்தினார். பிறகு கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தார்; அதுவும் முடியவில்லை.

எஞ்சின் உள்ளே இறங்கியது. தண்டும் துளையும் நேராகவில்லை. இருளப்பசாமி வண்டிக்குள் குனிந்து, கிளட்சுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையில் இடக்கையை விட்டுத் தடவினான். வலக்கையால் எஞ்சினை உலுக்கினான். "ஒரு விரக்கட மேல" என்றான். "இன்னும் கொஞ்சம். இந்தா வருது..."

சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சின்ன முறிவு, அதன் மேல் சங்கிலி கலகலத்தது. எஞ்சினின் பின்பக்கம் மட்டும் கீழே போயிற்று. முன்பக்கம் கொக்கியில் தொங்கிக்கொண்டே இருந்தது. இருளப்பசாமி முதலில் கத்தவில்லை. வண்டிமேல் கவிழ்ந்தபடி, "அக்கா" என்று சாதாரணமாகக் கூப்பிட்டான். பிறகுதான் கத்தினான்.

வீரணன் பதறிப்போய் சங்கிலியை இழுத்தான். முன்பக்கம் மேலே போகப் போக, பின்பக்கம் இன்னும் கீழே அழுந்தும். இழுக்காதே என்று சொல்ல அங்கே ஒரு வாய் இருந்தது. அது "தண்ணி" என்றது. வீரணன் இன்னொரு முறை இழுத்தான்.

தங்கபாய்தான் தெருவுக்கு ஓடி ஆள் கூப்பிட்டார். பக்கத்துத் தறிக்கூடத்திலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பி, கையை வெளியே எடுத்தார்கள். அந்தக் கூடத்தில் நெய்வது பேண்டேஜ் துணி. ஒருவர் ஒரு சுருளை அப்படியே கொண்டுவந்து சுற்றினார். சுற்றச் சுற்ற நனைந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். பரிபூரணமும் தம்பி பின்னால் ஓடினாள். பட்டறையில் நாற்காலியோடு கட்டிய சோலைராஜும், ஒரு பக்கம் சரிந்து தொங்கிய எஞ்சினும் மட்டும்தான் மிச்சம். யாரோ நினைவு வந்து திரும்பி வந்து அவரை அவிழ்த்துவிட வெகுநேரம் ஆயிற்று.

இருளப்பசாமிக்கு இடக்கையில் மூன்று விரல்கள் போயின. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மிஞ்சின. பட்டறையைப் பூட்டினார்கள். வத்திராயிருப்பு மாப்பிள்ளை வேறு ஏதோ வண்டியில் போனார். தங்கபாய் ஆஸ்பத்திரிக்கு வந்து இருளப்பசாமியின் கட்டிலருகே ஜெபம் செய்தார். "அவசரப்படுத்தினது நாந்தான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவன் இல்லை என்றான். அந்த வண்டியை அவர் அப்படியே, எஞ்சின் ஏற்றாமலே, மதுரைக்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டார்.

சோலைராஜுக்கு ஆறேழு மாதம் கழித்து வார்த்தைகள் ஒன்றிரண்டாகத் திரும்பின. முதலில் "சோறு" வந்தது. பிறகு "பரி" வந்தது. அன்று பரிபூரணம் தெருவெல்லாம் போய்ச் சொன்னாள். ஆடி மாதம் ஒரு மத்தியானம், கையிலிருந்த விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, தேடாத நேரத்தில் அந்த வார்த்தை வந்து நாக்கில் உட்கார்ந்தது.

"மரை" என்றார்.

பரிபூரணம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"மரை... கழண்டு... போச்சு."

அவள் சுளகைக் கீழே வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. "யாரு சொன்னா? ஒங்களுக்கு மரை கழண்டு போச்சுன்னு எந்த எடுபட்டவ சொன்னா? எதுத்த வீட்டுக்காரிதான? நான் கேட்டுட்டு வாரேன்."

"இல்ல... மரை..."

"ஒங்களுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. அப்படிச் சொல்லாதிய. சொல்லவே சொல்லாதிய." அவர் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

இத்தனை நாள் தேடி வந்து சேர்ந்த வார்த்தைக்கு ஊரில் அந்த அர்த்தம்தான் முந்திக்கொண்டு நின்றது.

இருளப்பசாமி அதுவரை அந்த வீட்டுப்பக்கம் அதிகம் வரவில்லை. வந்தாலும் அக்காளிடம் பேசிவிட்டுப் போய்விடுவான். புரட்டாசியில் ஒருநாள் வந்து, அத்தான் முன்னால் தரையில் உட்கார்ந்தான். மடியிலிருந்து அந்த போல்ட்டை எடுத்து வைத்தான். அதன் வரிகளுக்கிடையில், பிய்ந்த வார்ப்பிரும்பு சாம்பல் நிறத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து பட்டறையத் தொறந்து பாத்தேன் அத்தான், பட்டையோட தரையில கெடந்துச்சு. இது அன்னைக்கு ஒடஞ்ச ஒடசல் இல்ல. மரை முன்னாலயே போயிருக்கு. நீங்க முடுக்கும்போது போயிருக்கு."

சோலைராஜ் போல்ட்டைப் பார்த்தார்.

"ஒங்களுக்குத் தெரியும்லா? அன்னைக்கு அம்புட்டுக் கத்து கத்துனியளே, இதத்தான சொன்னிய?"

தலை ஆமென்று ஆடியது. இருளப்பசாமி பெருமூச்சு விட்டான். அந்தத் தலை சாப்பாடு வேண்டுமா என்றாலும் ஆடும், போதுமா என்றாலும் ஆடும் என்று அவனுக்குத் தெரியும். எதிர்த்திசையில் கேட்டான்.

"இல்ல, சும்மா பயந்துபோயிக் கத்துனியளா? அம்புட்டுத்தானா?"

கழுத்தில் அந்த ஆட்டம் கிளம்புவது சோலைராஜுக்குத் தெரிந்தது. இடக்கையால் தாடையைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. தலை ஆடவில்லை.

இருளப்பசாமி அதைப் பார்த்தான்.

"சரி" என்றான் கடைசியில். "ஒங்க முகத்த நான் பாக்கத்தான் செஞ்சேன் அத்தான். என்ன நெனச்சேன் தெரியுமா? ஒங்க எடத்துல நான் நிக்கது ஒங்களுக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன்."

சோலைராஜிடம் அப்போது பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் இருந்தன. அதற்குப் பதில் சொல்லக்கூடிய வார்த்தை அவற்றில் எதுவும் இல்லை.

இருளப்பசாமிக்குப் பிறகு ஒரு ஸ்பின்னிங் மில் வாசலில் காவல் வேலை கிடைத்தது. அந்த போல்ட்டைப் பற்றி அக்காளிடம் அவன் சொன்னதாகத் தெரியவில்லை. பட்டறை இடத்தைச் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். தூலத்தைப் பெயர்க்க முடியாமல் அதிலேயே டயர்களைத் தொங்கவிட்டார். சோலைராஜ் அதன் பிறகு எட்டு வருடம் இருந்தார். நடை வரவில்லை. பேச்சும் முழுசாக வரவில்லை. தெருவில் ஏதாவது வண்டி சத்தம் மாறி ஓடினால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார். என்ன கோளாறு என்று அவருக்குத் தெரியும், உதடு அசையும், வண்டி போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லில் ராத்திரி முறை முடிந்து இருளப்பசாமி நேரே அங்கே வருவான். பிளேடும் சோப்பும் எடுத்து, அத்தானுக்குச் சவரம் செய்துவிடுவான். மிஞ்சிய இரண்டு விரலால் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்வான். சோப்பு வழுக்கும், பிடி நிற்காது. அடிக்கடி எங்காவது ஒரு கீறல் விழும்.

"வெட்டிட்டனா அத்தான்?"

"கொஞ்சம்" என்பார் சோலைராஜ்.